பசிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

வடசென்னையின் பழைய ஆட்களிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டால், "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஐதர் அலியின் படையெடுப்பால் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் பாழாகி, 1782-இல் பஞ்சம் வந்தபோது, பட்டினியாக நகருக்குள் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட இடம் அது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். கஞ்சி குடிக்க வந்தவர்களில் பலர் நோயாளிகள். அதனால் 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கேயே ஒரு மருத்துவமனை தொடங்கினார். நன்கொடையில் நடந்த சத்திரம் பிறகு அரசின் பொறுப்புக்கு வந்து, 1938-இல் மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. கவர்னர் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டினார்கள். மக்கள் மட்டும் கஞ்சியை மறக்கவில்லை.

மனிதனின் அடிப்படைத் தேவைகளில் எதை அரசு செய்ய வேண்டும், எதை மதமும் தருமமும் பார்த்துக்கொள்ளும், எதைச் சந்தையிடம் விட்டுவிடலாம் என்ற கேள்வி உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. பெரும்பாலும் ஏதோ காலி மனையில் புதிதாக வீடு கட்டப்போவது போலத்தான் பேசுகிறார்கள். ஆனால் காலி மனை எங்குமே இல்லை. தமிழ்நாட்டில் பசி என்ற ஒரே தேவையை எடுத்துக்கொண்டால்கூட, ஆயிரம் ஆண்டுப் பதிவு நம் கையில் இருக்கிறது. இந்த மூன்று தரப்பும் எப்போது காப்பாற்றின, எப்போது கைவிட்டன என்பதைக் கல்லிலும் காகிதத்திலும் படிக்கலாம். கொள்கை பேசுவதற்கு முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

தஞ்சைப் பகுதியில் ஆலங்குடி என்ற ஊரில் 1054-இல் பஞ்சம். விதைநெல்லுக்கும் வழியில்லை, அன்றாடச் சாப்பாட்டுக்கும் வழியில்லை. அரசின் கருவூலத்திலிருந்து உதவி வந்ததாகத் தெரியவில்லை. ஊர்ச்சபையார் கோயிலுக்குப் போனார்கள். இறைவனின் நகைகளையும் பாத்திரங்களையும் பொன்னாகவும் வெள்ளியாகவும் கடனாகப் பெற்றார்கள். அதற்கு ஈடாக எட்டே முக்கால் வேலி நிலத்தைக் கோயிலுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்த நிலத்தின் விளைச்சல் கடனுக்கு வட்டியாகப் போனது. ஊர் பிழைத்தது, நிலம் போயிற்று.

இன்னொரு கல்வெட்டு திருப்பாம்புரத்தில் இருக்கிறது. 1201-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். இந்தச் செய்தியை முதன்முறை படித்த நாளில் என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை. அந்தக் கோயில் மூன்று உயிர்களைக் காத்தது, உண்மை. அந்த மூவரை விலைக்கு வாங்கியதும் அதே கோயில்தான். அங்கே மதம் எது, சந்தை எது? கோயில் கடன் கொடுத்தது, வட்டி வாங்கியது, நிலம் வைத்திருந்தது, தானியத்தைச் சேமித்தது, சோறும் போட்டது. அரசனின் கொடையால் வளர்ந்த கோயில், அரசன் எட்டாத இடத்தில் அரசின் வேலையைச் செய்தது. ஆக, ஒரு காலத்தில் மூன்றும் தனித்தனியே ஒழுங்காக இருந்தன, நவீன காலத்தில்தான் குழம்பின என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும்.

தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்கள் இதன் அடுத்த கட்டம். ராமேசுவரம் போகும் பாதை நெடுக அவர்கள் கட்டிய சத்திரங்களில் வழிப்போக்கர்களுக்குச் சோறு, நோயாளிகளுக்கு மருந்து, பிள்ளைகளுக்குக் கல்வி எல்லாம் கிடைத்தன. ஒரத்தநாட்டில் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெயர் பெற்றது. 1801-இல், கிழக்கிந்தியக் கம்பெனி தன் நாட்டின் ஆட்சியை எடுத்துக்கொண்டுவிட்ட வேளையில், சரபோஜி கம்பெனி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களின் நிர்வாகத்தை எடுத்துவிடாதீர்கள், அவற்றின் மானியங்களைக் குறைத்துவிடாதீர்கள் என்பதே அதன் சாரம். நாடு போன பிறகும் ஒரு மன்னர் சோறு போடும் உரிமைக்காக மன்றாடியிருக்கிறார். இதை மதம் என்பதா, அரசு என்பதா என்று கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது. அவருக்கு அது தருமம்.

ஆனால் தருமத்தின் பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பழைய அன்னதானத்தைப் புகழ்வது பாதி உண்மை. பல சத்திரங்களில் ஒரு சாதிக்குத் தனிச் சமையல், தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம். இருபதாம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலம் தேசியக் கல்விக்காகப் பொது நன்கொடையில் நடந்த நிறுவனம். அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி என்பது வெளியே தெரிந்தபோது, 1925 வாக்கில் தமிழ்நாட்டு அரசியலையே அது புரட்டிப்போட்டது. பெரியார் காங்கிரசை விட்டு விலகியதற்கு இதுவும் ஒரு காரணம். இரு பந்திக்கும் ஒரே சோறுதான் என்று சமாதானம் சொன்னவர்கள் இருந்தார்கள். தனியே உட்கார வைக்கப்பட்ட பையனுக்கு அது ஒரே சோறாக இருந்திருக்காது.

மதத்தின் உள்ளிருந்தே இதற்கு ஒரு பதில் அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்திருந்தது. 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த சாலை அது. அன்று மூட்டிய அடுப்பை அணையவிடாமல் இன்றும் காத்துவருகிறார்கள். வந்தவரிடம் சாதி, சமயம், ஊர் எதுவும் கேட்பதில்லை. பசி ஒன்றே தகுதி. பசியை நீக்குவதே வழிபாடு என்று அவர் சொன்னதில் ஓர் ஆழமான பங்கீடு இருப்பதாக நினைக்கிறேன். அரசு ஒருவருக்கு உதவ வேண்டுமென்றால் அட்டை கேட்கும், வருமானச் சான்று கேட்கும், கேட்டாகவும் வேண்டும், ஏனென்றால் அது பொதுப்பணம். வடலூர் அடுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஊரைவிட்டு ஓடி வந்தவர், பெயர் சொல்ல விரும்பாதவர், மனம் பேதலித்தவர் என்று எந்தப் பட்டியலிலும் இடம்பெறாதவர்களுக்கு இலை போட இப்படி ஓர் இடம் இருந்தே தீர வேண்டும். நாகூர் தர்காவிலும் மற்ற தலங்களிலும் சோறு பொங்குகிறவர்கள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். சட்டம் போட்டு இதைக் கொண்டுவர முடியாது.

வடலூரில் அடுப்பு மூட்டிய பத்தாவது ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் உச்சத்துக்கு வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அடுப்பு எத்தனை புனிதமானதாக இருந்தாலும் ஒரு மாகாணத்தின் பசியை ஆற்ற முடியாது. அந்த அளவில் அரசால்தான் முடியும். அரசோ சந்தை பார்த்துக்கொள்ளும் என்று இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்னை மாகாண கவர்னர் பக்கிங்காம் கோமகனின் நிர்வாகம் தொடக்கத்தில் விழித்துக்கொண்டது. 1876-இன் இறுதியில் ஒரு வணிக நிறுவனத்தின் வழியாக 30,000 டன் தானியம் வாங்கி வைத்தது. வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. அரசு வாங்கினால் தனியார் வணிகர் ஒதுங்கிவிடுவார்கள், விலை ஏறினால் தானியம் தானாக வரும் என்பது வாதம். ஆடம் ஸ்மித் எழுதியதை அவர்கள் வேதமாக வைத்திருந்தார்கள். விலை ஏறியது. ரயிலில் தானியமும் வந்தது. வாங்கக் காசில்லாதவர்கள் ரயில் நிலையத்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தார்கள். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது.

பஞ்சத்தைப் பார்வையிட லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிளின் கதை இன்னும் கசப்பானது. 1873-74-இல் வங்காளத்திலும் பீகாரிலும் பஞ்சம் தலைகாட்டியபோது, இதே டெம்பிள் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை இறக்கிப் பட்டினிச்சாவு ஏறக்குறைய இல்லாமல் செய்தவர். அதற்காக அவருக்கு லண்டனில் பாராட்டு கிடைக்கவில்லை. ஊதாரி என்ற பழிதான் கிடைத்தது. சென்னைக்கு வந்த டெம்பிள் அந்தப் பழியைத் துடைக்க முனைந்தார். நிவாரணப் பணியில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், கூடவே ஓர் அணா. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். உழைக்கிற உடம்புக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். கூலியைத் திருத்துவதற்குள் முகாம்களில் மக்கள் மெலிந்து விழுந்தார்கள். இன்று சென்னைக்குள் நாறிக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இந்தப் பஞ்ச காலத்துக் கூலிகள் வெட்டியது.

பஞ்சத்தில் மதமும் களத்தில் இருந்தது. கிறித்தவ மிஷன்கள் கஞ்சி ஊற்றின, அநாதைப் பிள்ளைகளை வளர்த்தன. அதே ஆண்டுகளில் திருநெல்வேலிப் பகுதியில் பல்லாயிரம் பேர் மதம் மாறினார்கள். அதில் நம்பிக்கை எவ்வளவு, கஞ்சி எவ்வளவு என்று அன்றே வாதம் எழுந்தது. மாறியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தங்களைத் தொட்டு, தூக்கி, உணவு கொடுத்தவர்களை அவர்கள் நம்பினார்கள். ஆனாலும் சோறு போடுகிற கையே நம்பிக்கையையும் நீட்டும்போது, பசித்தவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இந்த நெருக்கடி எல்லா மதத்தின் தானத்துக்கும் பொது.

தாது வருஷத்தை மட்டும் வைத்துச் சந்தையை முற்றாகத் தள்ளிவிடுவதும் நியாயமில்லை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடும் ரேஷனும் விடுதலைக்குப் பிறகும் நீடித்தன. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அரிசி கொண்டுபோவதே குற்றமாக இருந்தது. பதுக்கலும் கள்ளச்சந்தையும் செழித்தன. 1952-இல் முதலமைச்சராக வந்த ராஜாஜி சில மாதங்களிலேயே அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். பெரும் ஆபத்து என்று பலர் எச்சரித்தார்கள். பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது, மக்கள் மூச்சுவிட்டார்கள். அரசு ஒவ்வொரு மூட்டையையும் காவல் காக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். இன்று சத்துணவில் பிள்ளைகள் தின்னும் முட்டையை எந்த அரசுத் துறையும் உற்பத்தி செய்யவில்லை. நாமக்கல்லின் கோழிப்பண்ணைக்காரர்கள் லாபத்துக்காகத்தான் உற்பத்தி செய்கிறார்கள். அது நல்ல காரியம்தான். அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய 'வறுமையும் பஞ்சங்களும்' நூலின் மையக் கருத்து, கடையில் தானியம் இருந்தும் அதைப் பெறும் வழி இல்லாதபோது மனிதர் சாகிறார்கள் என்பது. முட்டை உற்பத்தியாவது ஒரு கேள்வி. காசில்லாத வீட்டுப் பிள்ளையின் தட்டுக்கு அது வருவது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சந்தை அருமையாகப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதனிடம் பதிலே கிடையாது.

இரண்டாவது கேள்வியை ஓர் அரசு நிறுவனம் முதலில் கையில் எடுத்தது 1920-இல். தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியதால் இன்னும் சில பள்ளிகளுக்கும் விரித்தார்கள். ஆனால் தொடக்கக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடக்கூடாது என்று மேலிருந்து தடை வந்ததால் 1925-இல் நின்றது. கல்விப் பணத்தில் சோறு போடலாமா என்று கேட்ட அந்தத் தணிக்கைக் கண்ணோட்டம் இன்னும் சாகவில்லை. இலவசம் என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்துகிறவர்களின் வாயில் அது உயிரோடு இருக்கிறது.

காமராசர் 1956-இல் மாநிலம் தழுவித் தொடங்கிய மதிய உணவில் ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பின் பங்கு இருந்தது. கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்டார். ஊர்க்காரர்கள் அரிசியும் காசும் பாத்திரமும் கொடுத்தார்கள். செலவில் அறுபது விழுக்காடு அரசு, நாற்பது உள்ளூர் என்று பங்கு வகுத்தார்கள். 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால்மாவும் எண்ணெயும் தந்தது. அது உணர்ச்சிமிக்க காலம். ஆனால் ஊரார் கொடையை நம்பிய திட்டத்தில், வளமான ஊருக்கும் வறண்ட ஊருக்கும் ஒரே சோறு கிடைத்திருக்க முடியாது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்த நாற்பது விழுக்காட்டையும் அரசின் தோளுக்கு மாற்றியது. பொருளாதார அறிஞர்கள் பலர் கையை விரித்தார்கள். திட்டம் நிலைத்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லா அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு கட்டாயம் என்று ஆணையிட்டபோது, முன்மாதிரி இங்கே இருபது ஆண்டுகளாக வெந்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு அதன் நீட்சி.

அரிசியிலும் இதே பாதைதான். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்ற பேச்சு ஆட்சியை மாற்றியது. அண்ணாவால் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படிதான் தர முடிந்தது. 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று மக்களைப் பிரித்து ரேஷன் கொடுக்கச் சொன்னபோது தமிழ்நாடு அதற்கு இணங்கவில்லை. எல்லோருக்கும் கடை, எல்லோருக்கும் அட்டை. இது வீண் செலவு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏழைகளுக்கு மட்டும் என்று நடக்கும் கடையில் அரிசி நாறினால் கேட்க நாதி இருக்காது. பள்ளி ஆசிரியரும் அதே வரிசையில் நிற்கும் கடையில் நாறினால் மறுநாள் செய்தியாகிவிடும்.

இந்தப் பெருமைகளோடு அரசின் குறைகளையும் எழுதத்தான் வேண்டும். கொள்முதல் நிலைய வாசலில் மழையில் முளைக்கும் நெல், எல்லை தாண்டிக் கடத்தப்படும் ரேஷன் அரிசி, சொற்பத் தொகைக்கு ஆயுள் முழுக்க வேகும் சத்துணவு ஊழியர்கள் எல்லாம் நாம் அன்றாடம் பார்ப்பவை. 2018-இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதிக்காரர்கள் எதிர்த்தபோது, அதிகாரிகள் முதலில் அந்த அம்மாவை இடம் மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. என் வாதமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. அரசும் சாதிக்குப் பணிந்தது. ஆனால் அரசைத் தட்டிக் கேட்க முடிந்தது, திருத்த வைக்க முடிந்தது. ஒரு தனியார் அறக்கட்டளையின் பந்தியில் இது நடந்திருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

இதே காரணத்தால்தான் அட்சய பாத்திரம் போன்ற சமய அமைப்புகள் அரசுப் பள்ளிகளுக்கு உணவு தருவதைப் பற்றிய விவாதத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். பெங்களூரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய அந்த அமைப்பின் சமையற்கூடங்கள் சுத்தமானவை, பிரமாண்டமானவை. லட்சக்கணக்கான பிள்ளைகளின் வயிறு நிறைகிறது. ஆனால் முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது. ஒரு கோயில் தன் பிரசாதத்தில் வெங்காயம் சேர்க்காதது அதன் உரிமை. அரசுப் பள்ளியின் மதியச் சோறு பிரசாதம் அல்ல. அது வரிப்பணத்தில் வரும் உரிமை. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சத்துக்கணக்கும் பிள்ளையின் நாக்கும்தான் தீர்மானிக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் அரசு மதத்துக்குள் போகிறது. 2002-இல் இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் அன்னதானத் திட்டம் வந்தது. ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசு பச்சரிசி தருகிறது. இவற்றில் எனக்கு மறுப்பில்லை. கோயிலும் பள்ளிவாசலும் தங்கள் பந்தியைத் தாங்களே நடத்துகின்றன, அரசு அரிசியோ மேற்பார்வையோ தருகிறது. 2013-இல் வந்த அம்மா உணவகம் இன்னொரு வகை. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம். சுமை தூக்குபவர் தன் காசைக் கொடுத்துச் சாப்பிடுகிறார். வாங்குபவரின் மிடுக்கைச் சந்தையிடமிருந்தும், விலையை அரசிடமிருந்தும் எடுத்துக்கொண்ட நல்ல கலவை அது.

ஆகவே சமைப்பவர், விளைவிப்பவர், பரிமாறுபவர் யாராகவும் இருக்கலாம். தட்டு காலியாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவராகத்தான் இருக்க முடியும், அது அரசு. இதைத் தமிழ்நாட்டு மக்கள் எந்தக் கோட்பாட்டு நூலும் படிக்காமலே புரிந்துவைத்திருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் கைத்தறி நெசவாளர்கள் வேலையின்றித் தவித்தபோது எதிர்க்கட்சியினர் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். ஆளுங்கட்சி பதறியது. 1782-இல் கஞ்சித்தொட்டி கருணையின் அடையாளம். இரண்டு நூற்றாண்டு கழித்து அது அரசின் மீதான குற்றச்சாட்டு. அந்த மாற்றத்தை மக்கள் போராடிப் பெற்றார்கள்.

ஆனால் அந்தப் பொறுப்பு இன்னும் முழுமையாகச் சட்டமாகவில்லை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் எட்டாவது பிரிவு, உரிய தானியமோ உணவோ வழங்கப்படாவிட்டால் மாநில அரசு அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் வருபவர்கள் சுமார் 3.64 கோடிப் பேர், மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி. மற்றவர்களுக்குக் கிடைக்கும் ரேஷன் அரிசியும், பிள்ளைகளின் காலை உணவும் அரசாணைகளின் பலத்தில் நிற்கின்றன. அரசாணையை இன்னோர் அரசாணை ரத்து செய்துவிட முடியும். 1925-இல் மேலிருந்து வந்த ஒரு தடை பள்ளிச் சோற்றை நிறுத்திய மாநிலம் இது. எல்லோருக்கும் ரேஷனையும் பள்ளிப் பிள்ளைகளின் இரு வேளை உணவையும் உரிமையாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்ற வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்.